எழுவாய் இல்லாத வாக்கியம்

வெள்ளிக்கிழமைதோறும் பெல்மீரு
ஐஸ் பெட்டியில் கல்லீரல் கொண்டுவருவான்.
பெட்டியின் மூடியில் சிரிக்கிற மத்திமீன்.
உள்ளே ரொட்டிப் பைகள்,
பைமேல் பென்சிலில் இடத்தின் பெயர்:
கழுதைக்கிணறு. எட்டாம் தக்கைமரம். விதவைச்சரிவு.

‘உடம்பில் ஒரு கீறல் கிடையாது, லியோனில்ட்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.
வாயில் கடித்த புல் அப்படியே இருக்கிறது.’
பிறகு குரலைத் தாழ்த்தி,
‘குட்டிகளும்’ என்றான்.

பழைய நோய் குட்டிகளைத் தொடாமல் போகும்.
இரண்டு மாதம் வரை ஏதோ ஒரு கருணை,
அல்லது கருணை போலத் தெரிந்த ஒன்று.
புதியதற்கு அந்தக் கணக்கே தெரியாது.

மெர்தோலாவின் மேட்டில்
வளைக்கு வெளியே புழுக்கை காய்கிறது,
புதிதாக ஒன்றும் விழவில்லை.
கழுகு இரண்டு வட்டம் போட்டுவிட்டு
குவாதியானா ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.
லிங்ஸ் பூனை தார்ச்சாலையைக் கடக்கப் பழகுகிறது.
எல்லா லிங்ஸும் பழகி முடிப்பதில்லை.

என் வேலை அரைப்பது, பிரிப்பது, படிப்பது.
ஏழாயிரத்து நானூற்றுச் சொச்சம் எழுத்து.
இதை என்னவென்று சொல்ல?
உயிரும் இல்லை, மெய்யும் இல்லை.
ஆய்தம்.
தனியாக ஒரு சொல்லும் ஆகாது,
பக்கத்தில் ஒன்று வேண்டும் ஒலிப்பதற்கு.
முயலின் குடலில், ஈரலில்
செல்லின் வாசலில் தொங்கும் ஒரு சர்க்கரையை
அது கைப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது.
சர்க்கரை குறைவாகப் பிறந்த முயல்
சில வேளை தப்பிக்கிறது;
தப்பித்தது அதற்குத் தெரியாமலே.

படித்ததில் முன்பாதி ஒரு சாது.
குடலோடு குடலாய்க் கிடந்து
யாரையும் கொல்லாமல் வாழ்ந்த வம்சம்.
பின்பாதி, மேலே போர்த்திய சட்டை, கொலைகாரனுடையது.
ஒரே முயல், ஒரே செல், இரண்டு விருந்தாளி;
பிரதியெடுக்கிற கண் வரி தப்பி
பக்கத்து ஏட்டுக்குத் தாவிவிட்டது.
எழுத்துப்பிழைதான்.
பிழையோடு ஒரு மலை காலி.

பிறகு மரம் வரைந்தேன்,
யார் யாருக்குப் பிள்ளை என்று.
கழுதைக்கிணறும் தக்கைமரமும்
அக்கா தங்கை போல ஒட்டி நின்றன.
விதவைச்சரிவு மட்டும் ஒட்டவில்லை.
அது போய் நின்ற கிளை
எல்லைக்கு அப்பால், இருநூறு கிலோமீட்டர்.
முயல் அவ்வளவு தூரம் நடக்காது.
ஈ கொஞ்சம் பறக்கும், அவ்வளவு பறக்காது.

மார்ச்சில் அவன் போனில் ஒரு படம் காட்டினான்.
மரக்கூண்டு, பன்னிரண்டு ஜோடிக் காது.
‘ஸ்பெயினில் வாங்கினேன், என் காசு.
சரிவு வெறிச்சென்று கிடந்தது,
பார்க்கப் பொறுக்கவில்லை.
கழுகு பார்க்காதபடி ராத்திரியில் திறந்துவிட்டேன்.’
நான் அழகாக இருக்கின்றன என்றேன்.
அழகாகத்தான் இருந்தன.

அறிக்கையில் எழுதினேன்:
‘நோய்க்கிருமி இடம்பெயர்க்கப்பட்டிருக்கலாம்.’
பெயர்த்தது யார் என்று கேட்காத வாக்கியம்.
இலக்கணம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது!
துறைக்கு அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.

அடுத்த வெள்ளி, அதே மத்திமீன், ஒரே ஒரு பை.
‘சரிவுக்கு எங்கிருந்து வந்ததாம்?’ என்றான்.
நான் கையுறையை உரித்துக்கொண்டிருந்தேன்.
‘ஈயா?’
‘ஈயும்தான்’ என்றேன்.

அந்த ‘உம்’
அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது.
பெட்டியின் ஐஸை எலுமிச்சையடியில் கொட்டினான்.
போகும்போது
வாசல் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு
வெகுநேரம் பூட்ஸ் கழுவினான்.
சுத்தமாகத்தான் இருந்தன அவை.